இடைவெளியின்றி

(மகளிர் கல்லூரி ஒன்றில் முன்னாள் மாணவி ஒருவர் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., எம்.ஃபில். என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நான் வாங்கிய இரண்டு பட்டங்கள் விடுபட்டுப் போயிருக்கின்றன. குறையாகச் சொல்லவில்லை. அச்சுக்குக் கொடுத்தவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது. எம்.ஃபில். படித்து ஏழு வருடம் விரிவுரையாளராக இருந்த அம்மா பிறகு போய் நர்ஸிங் படித்திருக்கிறார், அதைப் போட்டால் மேடைக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது என்று விட்டிருப்பார். இன்று நான் பேச வந்தது அந்த விடுபட்ட வரியைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு சிறு ஞாபகம். இந்த அறக்கட்டளையை நிறுவிய தலைமையாசிரியை அம்மா எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். அப்போதே அவருக்கு நாற்பது வயது இருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பாடங்கள் பழுப்பு உறையில் பள்ளிக்கூட முகவரிக்கே வரும். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால், "டீச்சருக்குப் பாடம் வந்திருக்கு!" என்று நாங்கள் கத்துவோம். டீச்சருக்கும் பாடம் இருக்கிறது, டீச்சருக்கும் பரீட்சை வரும் என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு திருப்தி.

என் கதைக்கு வருகிறேன். 2004இல் கணவரின் வேலை நிமித்தம் அமெரிக்கா போனேன். எனக்கு 32 வயது. ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். கணவருக்கு எச்-1பி விசா, எனக்கும் பிள்ளைகளுக்கும் எச்-4. எச்-4 விசாவில் இருப்பவரை அரசாங்கத் தாள்கள் அழைக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் "சார்ந்திருப்பவர்". சார்ந்திருப்பவர் கார் ஓட்டலாம். வங்கியில் கணக்கு வைக்கலாம். கோயில் திருவிழாவுக்கு இருநூறு பேருக்குப் புளியோதரை கிண்டலாம். கல்லூரியில் சேர்ந்து எத்தனை பட்டம் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அப்போது சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.

ஆகவே அங்கே எச்-4இல் இருந்த நம் பெண்கள் படித்தார்கள். கணினிப் பொறியாளர் குழந்தைக் கல்வி படித்தார், வங்கியில் இருந்தவர் நூலக அறிவியல் படித்தார். வெளிநாடு போனதும் நம் பெண்களுக்குப் படிப்பில் எவ்வளவு ஆர்வம் என்று இங்கே சிலாகிப்பார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை. ஆனால் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் எட்டு வருடம் வீட்டில் இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2012இல், 40 வயதில், வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார் தூரத்தில் இருந்த சமுதாயக் கல்லூரியில் நர்ஸிங் படிப்பதற்கு விண்ணப்பம் போட்டேன்.

ஏன் நர்ஸிங்? சேவை மனப்பான்மை என்றால் இந்த அரங்கில் கைதட்டு விழும். உண்மை வேறு. விலங்கியலில் பி.எச்டி. செய்யலாம் என்று பார்த்தேன். அதற்கான பல்கலைக்கழகம் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். நர்ஸிங் பக்கத்தில் இருந்தது. என்றைக்காவது வேலை செய்ய அனுமதி வந்தால் மறுநாளே வேலை கிடைக்கும் படிப்பு அது. வயது வந்தவர்கள் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்: தூரம், செலவு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம். கனவு என்பதெல்லாம் பிறகு பேட்டி கொடுக்கும்போது சேர்த்துக்கொள்வது.

சமுதாயக் கல்லூரி என்பது நம் ஊருக்குப் பழக்கமில்லாத ஒன்று, அதனால் ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுப் படிப்பு. உள்ளூர் மக்களின் வரிப்பணமும் அரசுப் பணமும் சேர்ந்து நடப்பது. இலினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் தொடங்கியது இந்த வழி. பிறகு 1944இல் ஒரு சட்டம் வந்தது. உலகப் போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்ற சட்டம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். மீசை முளைத்தவர்கள், மனைவியும் கைக்குழந்தையும் இருப்பவர்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தபோது, கல்லூரி என்பது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கான இடம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. அங்கே கல்லூரியின் முகப்பு என்று சொல்லத்தக்கது கார் நிறுத்துமிடம்தான். மாலை ஐந்தரைக்கு மேல் அது நிரம்பும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். நான் படித்ததற்கெல்லாம் சான்று வேண்டும். சான்றிதழின் நகல் செல்லாது. பல்கலைக்கழகமே மதிப்பெண் விவரங்களை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்ப வேண்டும். ஊரில் என் அப்பா இருந்தார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம், வயது எழுபது. ஒரு மஞ்சப் பையில் என் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு காலை பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வேண்டாம். எல்லா இடத்திலும் அதே ஜன்னல்தான். முதல் நாள், டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, டிராஃப்ட் வேறு பெயரில் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை, பிரிவு அலுவலர் விடுப்பு. நான்காம் முறை உறை கைக்கு வந்தது. அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் முத்திரை இருக்கிறது, ஒட்டிய இடத்தில் கையெழுத்து இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா ஐந்தாம் முறை போனார். இந்த முறை அந்த அலுவலரின் மேசைக்கு எதிரிலேயே நின்று, "இந்த எடத்துல, இந்தக் கோட்டு மேலேயே போடுங்க சார்" என்று விரலால் காட்டி வாங்கியதாகப் போனில் சொன்னார். நாற்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதர்.

மாணவிகளுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து போகும்போது பாடத்திட்டப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பருவத்துக்கு எத்தனை மணி நேரம், ஆய்வகம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். நம் மூன்று வருட இளநிலைப் பட்டத்தை அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகப் பல இடங்களில் ஏற்பதில்லை. 1974இல் தொடங்கி வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிட்டு வரும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் என்ற நிறுவனம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவிடம் ஏ தகுதி பெற்ற கல்லூரியில் நல்ல வகுப்பில் தேறியிருந்தால் மூன்று வருடப் பட்டத்தையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. நாக் குழு வருகிறது என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, உங்களைக் கோலம் போட வைக்கும்போது நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். அந்த ஓர் எழுத்து, இருபது வருடம் கழித்து எங்கோ ஒரு பெண்ணுக்கு ஒரு வருடப் படிப்பை மிச்சப்படுத்தலாம்.

எனக்கு அதுவும் உதவவில்லை. நான் சேர்ந்த இடத்தில் வேறொரு விதி. நர்ஸிங் வகுப்புக்குள் நுழையும் முன் உடற்கூறும் உடலியங்கியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல் ஒரு பருவம் முடித்திருக்க வேண்டும். முடித்தது கடைசி ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். நான் படித்தது தொண்ணூறுகளில். பாடம் நடத்தியது 2004 வரை. எனவே செல்லாது. நடத்திய பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும்.

அந்த ஆய்வகத்தின் முதல் மாதத்தில் ஒரு நாள் தட்டில் ஆட்டு இதயம் வைத்தார்கள். பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும்; நல்ல பெண். என் ஜோடி பத்தொன்பது வயதுப் பையன், ராத்திரி பர்கர் கடையில் வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவன். அவன் உடம்பில் எண்ணெய் வாசனை, தட்டில் ஃபார்மலின் வாசனை. கத்தரியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் முழித்தான். நான் வாங்கி, நுரையீரல் தமனி வழியாக அதை விட்டு, வலது கீழறையைத் திறந்து, மூவிதழ் வால்வைத் தாங்கும் நூல்களை ஊசியால் தூக்கிக் காட்டினேன். என் கை தானாகப் போனது. "இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டான். "கொஞ்சம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அடக்கம் இல்லை. ஏழு வருடம், வருடத்துக்கு அறுபது பிள்ளைகள் என்று சொன்னால், பிறகு நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆங்கிலமும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த ஒரு வருடத்தை நான் படிப்பு என்று கணக்கில் வைப்பதில்லை. அது சுங்கம். எல்லை தாண்டி வந்ததற்காக, ஏற்கெனவே என் கையில் இருந்த பொருளுக்கே இரண்டாம் முறை கட்டிய சுங்கம். பணம், ஒரு வருடம், ராத்திரித் தூக்கம், எல்லாம் அதில் போயிற்று. "நாற்பது வயதில் மறுபடி முதலிலிருந்து, என்ன விடாமுயற்சி!" என்று யாராவது அந்த வருடத்தைப் பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வெளிநாட்டு மருத்துவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டே மறுபடி பரீட்சை எழுதுகிறார் என்று வாட்ஸ்அப்பில் உருகுகிறோமே, அங்கே உருக வேண்டியது எதற்கு என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த இரண்டு வருடம்தான் படிப்பு. அதில் நான் தோற்றேன்.

முதல் தேர்வில் 71 மதிப்பெண். அங்கே 78க்குக் கீழே எடுத்தால் தோல்வி. வாழ்க்கையில் நான் தோற்ற முதல் தேர்வு அது. பாடம் தெரியாமல் இல்லை, புத்தகம் தலைகீழாகத் தெரியும். கேள்விதான் புரியவில்லை. நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள்: ஒருவருக்கு வலி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். முதலில் யாரிடம் போவாய்? நான்கு பேரிடமும் போக வேண்டியதுதான். எது சரி என்று அவர்கள் கேட்கவில்லை. எது முதலில் என்று கேட்டார்கள். நான் படித்த படிப்பிலும், நடத்திய பாடத்திலும், திருத்திய ஆயிரக்கணக்கான விடைத்தாள்களிலும் இந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை. இப்போது யோசித்தால், தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான். காலையில் அடுப்பில் குக்கர், வாசலில் பள்ளிப் பேருந்து, கட்டிலில் காய்ச்சலில் மாமியார் என்று நின்ற எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வி புதிதில்லை. ஆனால் பரீட்சைத் தாளைப் பார்த்ததும் நான் வீட்டு அறிவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். படிப்பு என்றால் அப்படித்தான் என்று பழகியிருந்தேன்.

மறுபடி எழுதித் தேறினேன். எப்படி என்று கேட்டால், பதில் 1991இல் இருக்கிறது.

அப்போது நான் இதே கல்லூரியில் பி.எஸ்சி. மாணவி. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். இப்போது இந்த ஊரில் பெண் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று தெருவே நின்று பார்த்தது. நானும் தொண்டராகப் போனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல், தெருவிளக்கின் கீழே. ஒரு அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். சிலேட்டில் குச்சியை வைத்தால் குச்சி உடையும். மறுபடி கொடுத்தால் மறுபடி உடையும். நான் பொறுமை இழந்து, "மெதுவா எழுதுங்கக்கா" என்றேன். "கல்லு ஒடைக்கிற கை தாயி, குச்சி ஒடையத்தான் செய்யும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் குச்சியைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், உளி பிடிப்பதுபோல் பிடித்து எழுதினார். நான் கற்றுக்கொடுத்த பிடி இல்லை அது. எழுத்து வந்தது.

71 மதிப்பெண் வாங்கிய இரவில் அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. நான் உளி பிடித்த கையோடு உள்ளே வராமல், எனக்குச் சொல்லிக்கொடுத்த பிடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வயது வந்த பெண்களின் படிப்பு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், நூறு வருடத்துக்கு முன்னால் இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். அந்த இல்லத்தை நடத்திய சகோதரி சுப்பலட்சுமி சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறியவர். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் சொன்ன பெண்களை அவர் ஆசிரியைகளாக்கி அனுப்பினார். படிப்பில் இடைவெளி விழுந்தவர்கள் என்று அவர்களை யாரும் கழித்திருந்தால், அன்றைய மாகாணத்தின் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

இப்போது எனக்குக் கூச்சம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நர்ஸிங் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நர்ஸா?" என்றார். "காலேஜ்ல பாடம் எடுத்துட்டு, இப்ப பெட்பேன் எடுக்கப் போறியா?" அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க நியாயமும் இல்லை. ஏனென்றால், விரிவுரையாளராக இருந்த காலத்தில், விலங்கியல் பாடத்தில் தொடர்ந்து தடுமாறிய ஒரு மாணவியிடம், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "உனக்கெல்லாம் நர்ஸிங்தான் சரி" என்று சொன்னவள் நான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு சிரித்தது. அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. முதல் முறை வயதான ஒருவரை இரண்டு பேராகப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதிய அன்று, நான் சொன்ன வாக்கியம் எவ்வளவு அறியாமை என்று உறைத்தது. எதைக் கவனிக்க வேண்டும், எதை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும், எதைக் காலை வரை விடலாம் என்ற தீர்மானம் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நர்ஸின் தலைக்குள் நடக்கிறது. எம்.ஃபில். ஆய்வேட்டில் நான் அவ்வளவு யோசித்ததில்லை.

2015 மே மாதம் அந்த இரண்டு வருடப் பட்டப் படிப்பு முடிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி, கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்-4 மனைவியரும் வேலை செய்யலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தற்செயல்தான். அது வராமல் போயிருந்தால் கையில் சான்றிதழோடு வீட்டில் இருந்திருப்பேன், இந்த மேடையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். உரிமத் தேர்வு கம்ப்யூட்டரில். நம் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை அதுவே தேர்ந்தெடுக்கும். அன்றைய முறையில் குறைந்தது 75 கேள்விகள், அதிகபட்சம் 265. எனக்கு 75இல் திரை அணைந்துவிட்டது. நன்றாக எழுதினாலும் 75இல் அணையும், மிக மோசமாக எழுதினாலும் 75இல் அணையும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தேறியிருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே 2018இல் பி.எஸ்சி. நர்ஸிங் பட்டமும் முடித்தேன். அழைப்பிதழில் விடுபட்டவை இந்த இரண்டு பட்டங்களும்தான்.

அப்பா அந்த இரண்டாவது பட்டத்தைப் பார்க்கவில்லை. மஞ்சப் பை என்னிடம் இருக்கிறது.

கடைசியாக, இந்த அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரிசுத் திட்டத்தின் அச்சிட்ட விதிகளை நேற்றிரவு படித்தேன். ஆண்டுதோறும் ஒரு மாணவிக்கு முழுக் கல்விக் கட்டணம். நல்ல தொகை. மூன்றாவது விதி சொல்கிறது: "பள்ளிப் படிப்பு முதல் இடைவெளியின்றித் தொடர்ந்து பயின்றவராக இருத்தல் வேண்டும்." இதை எழுதியவர் தலைமையாசிரியை அம்மாவாக இருக்க முடியாது. பணத்தை வைப்பு நிதியில் போடும்போது, வேறு எங்கோ இருந்த விதிகளைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள். பழுப்பு உறையில் பாடம் வாங்கிப் படித்தவரின் பெயரில் இருக்கும் பரிசு இது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று முப்பத்தைந்து வயதில் இந்த வாசலுக்குத் திரும்பி வரும் ஒருத்திக்கு அந்த விதியின்படி இதில் இடமில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், "இடைவெளியின்றி" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மற்ற விதிகள் அப்படியே இருக்கட்டும்.